கைராசி டாக்டரின் கோணல் யார் தலையில் விடிகிறது? நான்கு தொடர்களில் எதைப் பார்க்கலாம்

"ஆள் சிடுமூஞ்சி, ஆனா கைராசிக்காரர்" என்று பக்கத்து வீட்டில் யாராவது சொன்னால் போதும், ஆபரேஷனுக்கு அந்த டாக்டரிடமே போய் நிற்போம். திட்டினால் என்ன, மூன்று மணி நேரம் காக்க வைத்தால் என்ன, வேலை சுத்தமாக இருந்தால் சரி. இதே சமாதானத்தை முதலாக வைத்து அமெரிக்கா, ஜப்பான், கொரியா என்று எல்லா நாட்டுத் தொலைக்காட்சிக்காரர்களும் ஒரு தனி வகைத் தொடரையே வளர்த்துவிட்டார்கள். கத்தியை எடுத்தால் மேதை. கீழே வைத்தால் போதைக்காரர், பதவிப் பித்தர், இல்லையென்றால் வாய்த்துடுக்கு.

இதில் ஒன்றைப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தால் தேடுவதிலேயே ராத்திரி போய்விடும். அதனால் நான்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: தி நிக், வெள்ளைக் கோபுரம், ஹவுஸ், ட்ராமா கோட். கிரேஸ் அனாட்டமியை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். 2005இல் தொடங்கி இருபது சீசனைத் தாண்டியும் ஓடுகிற ஒன்றை யாருக்கும் சிபாரிசு செய்ய மனசு வரவில்லை. தி குட் டாக்டரும் இந்தப் பட்டியலில் கிடையாது. அதில் நாயகனுக்கு இருப்பது ஆட்டிசம். அதைக் குணக்கேடுகளின் வரிசையில் வைப்பது அநியாயம்.

ஒப்பிட நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்றுதான். டாக்டரின் கோணல் கடைசியில் யார் தலையில் விடிகிறது? நர்ஸைத் திட்டுகிறார், ஜூனியரை அழ வைக்கிறார், ஆனால் நோயாளி மட்டும் ஒவ்வொரு வாரமும் பிழைத்து வீட்டுக்குப் போய்விடுகிறார் என்றால், அது குறை அல்ல. கதாநாயகனுக்குப் போட்டுவிட்ட கூலிங் கிளாஸ். அந்தக் குறை மேஜையில் படுத்திருப்பவரின் உடம்பில் போய் இறங்குகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். கதையைத் தொடாமல் இதைப் பேச வழியில்லை. முடிவுகள் வெளியே வரும். அது பிடிக்காதவர்கள் கடைசி மூன்று பத்திகளுக்குத் தாவிவிடலாம்.

முதலில் தி நிக். 2014 ஆகஸ்டில் சினிமேக்ஸ் சேனலில் தொடங்கி 2015 டிசம்பரில் முடிந்தது. இரண்டு சீசன், சீசனுக்குப் பத்து எபிசோட். இருபதையும் ஸ்டீவன் சோடர்பெர்கே இயக்கினார். ஒளிப்பதிவு, எடிட்டிங் இரண்டையும் வேறு பெயர்களில் அவரே செய்தார். கதை நடப்பது 1900இன் நியூயார்க்கில், நிக்கர்பாக்கர் என்ற மருத்துவமனையில். நாயகன் ஜான் தாக்கரியாக கிளைவ் ஓவன். முதல் காட்சியில் அவர் கண் விழிப்பது சைனாடவுன் அபின் கூடத்தில். குதிரை வண்டி ஏறி, வெள்ளை ஷூவைக் கழற்றி, கால்விரல் இடுக்கில் கொக்கெய்ன் ஊசி போட்டுக்கொண்டு ஆபரேஷனுக்குப் போகிறார்.

அடுத்து வரும் ஆபரேஷனைப் பார்த்துவிட்டுத் தொடரலாமா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள். நஞ்சுக்கொடி கருப்பை வாயை அடைத்திருக்கும் ஒரு கர்ப்பிணி. வட்டமாகப் படிக்கட்டு வைத்த கூடத்தில் கோட்டு சூட்டுடன் ஆண்கள் வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறார்கள். டாக்டர்கள் கையில் கையுறை இல்லை. ரத்தத்தை உறிஞ்சும் கருவியை ஒருவர் கையால் சுற்றிக்கொண்டிருக்க, கண்ணாடி ஜாடி நிறைந்துகொண்டே வருகிறது. தாயும் பிழைக்கவில்லை, குழந்தையும் பிழைக்கவில்லை. தலைமை சர்ஜன் கிறிஸ்டியான்சன் தன் அறைக்குப் போய், சோபாவில் ஒரு துணியை விரித்து உட்கார்ந்து, தன்னைத்தானே சுட்டுக்கொள்கிறார். தாக்கரிக்கு அந்த நாற்காலி கிடைப்பது இப்படித்தான். பின்னணியில் வயலினும் கிடையாது, பியானோவும் கிடையாது. கிளிஃப் மார்ட்டினெஸின் எலக்ட்ரானிக் இசை துடிக்கிறது. நூறு வருடத்துக்கு முந்தைய கதைக்கு இது ஒட்டாது என்று நினைப்போம். ஒட்டுகிறது.

தாக்கரிக்கு மாதிரி வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற நிஜ சர்ஜன். 1884 வாக்கில் கொக்கெய்னை மரத்துப்போகும் மருந்தாகப் பயன்படுத்தலாமா என்று தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்து அதற்கு அடிமையானவர். சிகிச்சை என்ற பெயரில் மார்ஃபின் கொடுத்தார்கள். 1922இல் சாகும்வரை அதை விட முடியவில்லை. அப்படிப்பட்டவர்தான் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் உட்கார்ந்து ஆபரேஷன் தியேட்டருக்குள் ரப்பர் கையுறையைக் கொண்டுவந்தார். சர்ஜனாக வருபவர் மருத்துவமனையிலேயே கிடந்து வருடக்கணக்கில் பயில வேண்டும் என்ற ரெசிடென்சி முறையையும் அவர்தான் நிலைநாட்டினார். இன்றைக்கும் தூக்கமில்லாமல் நைட் டியூட்டி பார்க்கும் பிஜி மாணவர்கள் இந்த மனிதரைத் தாராளமாகத் திட்டிக்கொள்ளலாம். தொடர் ஓர் இடத்தில் மட்டும் அவரைத் தலைகீழாக்கிவிட்டது. தாக்கரி அவசரக்காரர். ஹால்ஸ்டெட்டின் பேரே நிதானத்துக்குத்தான். சதையை நோகாமல் கையாண்டு, ஒவ்வொரு ரத்தக்குழாயாகக் கட்டி, பொறுமையைச் சோதிக்கும் அளவுக்கு மெதுவாக ஆபரேஷன் செய்தவர் அவர். கேமராவுக்கு நிதானம் ருசிக்காது போலிருக்கிறது.

என் அளவுகோலுக்கு வருவோம். முதல் சீசன் முடிவில் ஊரில் கொக்கெய்ன் தட்டுப்பாடு. தாக்கரியின் புத்தி குழம்பிக் கிடக்கிறது. ரத்தம் ஏற்றுவதில் புதிர் ஒன்றை விடுவித்துவிட்டதாக நம்பி, தன் ரத்தத்தையே ஒரு சிறுமிக்கு ஏற்றுகிறார். சிறுமி இறந்துபோகிறாள். அவரைத் திருத்த வேறு மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். அங்கே கொக்கெய்னுக்கு மாற்றாக அவருக்குக் கொடுக்கும் மருந்தின் பெயர் ஹெராயின். பேயர் நிறுவனம் 1898 முதல் அதை மருந்தாகவே விற்றது நிஜம். மேதைமையும் கோணலும் ஒரே ஊசியில் ஏறுவதை இவ்வளவு நேராகக் காட்டிய தொடர் வேறில்லை. கூடவே இன்னொரு கோணலும் உண்டு: ஐரோப்பாவில் பயின்ற அல்ஜெர்னன் எட்வர்ட்ஸ் என்ற கறுப்பின சர்ஜனைத் தாக்கரி சேர்த்துக்கொள்ளவே மறுக்கிறார். எட்வர்ட்ஸோ, அந்த மருத்துவமனை திருப்பி அனுப்பும் கறுப்பின நோயாளிகளுக்கு அதே கட்டடத்தின் பாதாள அறையில் ரகசியமாக வைத்தியம் பார்க்கிறார். ஆந்த்ரே ஹாலண்டின் நடிப்பு பல காட்சிகளில் கிளைவ் ஓவனையே ஓரங்கட்டிவிடுகிறது.

அடுத்தது வெள்ளைக் கோபுரம். இங்கே தேர்வுக்குள் ஒரு தேர்வு இருக்கிறது. மூலம், யமாசாகி தொயோகோ என்ற ஜப்பானிய எழுத்தாளர் 1963இல் வார இதழில் எழுதத் தொடங்கிய நாவல். முதலில் அவர் முடித்த இடத்தில், சிகிச்சைத் தவறு வழக்கில் டாக்டர்தான் ஜெயிக்கிறார். வாசகர்கள் விடவில்லை, இது என்ன நியாயம் என்று கேட்டார்கள். அவர் மேல்முறையீட்டை வைத்து இரண்டாம் பாகம் எழுத வேண்டியதாயிற்று. பலமுறை படமாகி இருந்தாலும் இன்றைக்குப் பேசத்தக்கவை இரண்டு: ஃபூஜி டிவியின் 2003 வடிவம், 21 எபிசோட், கொரியாவின் எம்பிசி 2007இல் எடுத்தது, 20 எபிசோட்.

இங்கே நாயகனுக்குக் கெட்ட பழக்கம் என்று பெரிதாக எதுவும் இல்லை. ஏழை வீட்டுப் பிள்ளை. வசதியான டாக்டர் வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போனவர். ஆபரேஷனில் அவரை அடிக்க அந்தப் பல்கலைக்கழகத்திலேயே ஆள் இல்லை. ஓய்வு பெறப்போகும் பேராசிரியருக்கு இவர் வளர்ச்சி கண்ணை உறுத்துகிறது. வேறு ஆளைக் கொண்டுவரப் பார்க்கிறார். பதவிக்கு ஓட்டெடுப்பு. மாமனார் பணத்தை இறைக்கிறார். உறை கைமாறுகிறது, விருந்து நடக்கிறது, அணி தாவுகிறார்கள். நம் ஊர் கூட்டுறவுச் சங்கத் தேர்தலைப் பார்த்தவர்களுக்கு இதில் எந்தக் காட்சியும் அந்நியமாகப் படாது.

ஜப்பானிய வடிவத்தில் பேராசிரியரின் வார்டு ரவுண்ட்ஸ் காட்சி ஒன்றே போதும். நடைபாதை முழுக்க வெள்ளைக் கோட்டு. முன்னால் பேராசிரியர், அவருக்குப் பின்னால் பதவி வரிசைப்படி மற்றவர்கள், கடைசியில் மாணவர்கள். படுக்கையில் இருப்பவர் எழுந்து உட்கார்ந்து கும்பிடாத குறை. நோயாளியிடம் பேச்சு இரண்டு வார்த்தை. ஊர்வலமோ ஒரு கோயில் உற்சவத்துக்குக் குறையாது.

பதவி கிடைத்த பிறகு வருவதுதான் கதை. ஒரு சிறு வியாபாரிக்குப் புற்றுநோய். அவரை முதலில் பார்த்த உள்நோய்ப் பிரிவு நண்பர், நுரையீரலில் தெரியும் நிழலை இன்னும் ஒரு சோதனை செய்துவிட்டு ஆபரேஷன் வைத்துக்கொள் என்கிறார். நம் ஆள் கேட்கவில்லை. தனக்குத் தெரியாததா? ஆபரேஷன் பிரமாதமாக முடிகிறது. இவர் வெளிநாட்டுக் கருத்தரங்குக்குக் கிளம்பும் அவசரத்தில் இருக்கிறார். நோயாளிக்கு மூச்சு வாங்குகிறது. ஜூனியர் பயந்து பயந்து வந்து சொல்ல, ஆபரேஷனுக்குப் பிந்தைய நிமோனியாதான், ஆன்டிபயாடிக் போடு என்று உத்தரவு வருகிறது. நோயாளி இறக்கிறார், குடும்பம் வழக்குப் போடுகிறது. கோர்ட்டில் அந்த ஜூனியர் யார் பக்கம் சாட்சி சொல்வார் என்பதில்தான் பின்பாதி முழுவதும் நிற்கிறது. கை தப்பே செய்யவில்லை. காதுதான் கேட்க மறுத்தது. இப்படி ஒரு குறையை வேறு எந்தத் தொடரும் கையில் எடுத்ததாக எனக்குத் தெரியவில்லை. போதை ஊசியை விட இது நம் ஆஸ்பத்திரிகளுக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது.

ஜப்பானியமா கொரியமா? 2003இல் கரசாவா தோஷியாகி நடித்த ஸைசென் கடைசிவரை ஒரு குளிர்ந்த ஆள். வியப்போம், நெருங்க மாட்டோம். 2007இல் கிம் மியுங்-மின் நடித்த ஜாங் ஜூன்-ஹியோக் அப்படி அல்ல. அவர் தோற்றுவிடக் கூடாதே என்று நம் மனசு அடித்துக்கொள்கிறது. இறந்தவரின் மனைவி கோர்ட்டில் கண்கலங்கி நிற்கும்போதுகூட நாம் டாக்டர் ஜெயிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அந்தக் கணத்தில் நமக்கே நம்மேல் ஒரு கூச்சம் வருகிறது. 'கைராசிக்காரர்' என்று மன்னித்துவிட்ட அதே கூட்டத்தில் நாமும் நிற்கிறோம். இதற்காகவே என் ஓட்டு கொரிய வடிவத்துக்கு. மனசாட்சி பேசும் நண்பராக வரும் லீ சுன்-க்யூனைப் பிற்பாடு 'பாரசைட்' படத்தின் பணக்கார அப்பாவாகப் பார்த்திருப்பீர்கள். கொரிய மருத்துவத் தொடர் என்றாலே டாக்டரும் டாக்டரும் காதலிப்பார்கள் என்ற பேச்சு உண்டு; இதில் அந்தத் தொந்தரவு அனேகமாக இல்லை. கடைசியில் புற்றுநோய் சர்ஜனுக்கே காலம் கடந்து புற்றுநோய் என்று தெரியவரும் இடம் சொல்லும்போது மெலோடிராமா மாதிரி இருக்கும். பார்க்கும்போது அப்படி இல்லை. சக டாக்டர்கள் அவரிடமே உண்மையை மறைக்கப் படும்பாடும், ஸ்கேனைப் பார்க்கத் தெரிந்த ஒருவரை எத்தனை நாள் ஏமாற்ற முடியும் என்ற கேள்வியும் நெஞ்சைப் பிசைந்துவிடும். வேகம் மட்டும் குறை. முதல் பாதியில் பதவிச் சண்டை நீள்கிறது.

மூன்றாவது ஹவுஸ். இவர் சர்ஜனே அல்ல, நோயைக் கண்டுபிடிக்கும் டாக்டர். ஆனாலும் 'மேதை, ஆனால் மோசமான டாக்டர்' என்று யாரிடம் கேட்டாலும் முதலில் வரும் பெயர் இதுதான் என்பதால் விட முடியவில்லை. 2004 முதல் 2012 வரை ஃபாக்ஸ் சேனலில் 8 சீசன், 177 எபிசோட். தொடை தசையில் ரத்தம் அடைபட்டுக் கால் ஊனமான ஹவுஸ் (நடிப்பது ஹியூ லாரி), வலிக்கு விக்கோடின் மாத்திரையைக் கடலை மாதிரி மென்றுகொண்டு, நோயாளிகள் எல்லாரும் பொய் சொல்பவர்கள் என்ற நம்பிக்கையில் வாழ்கிறார். நியூயார்க் டைம்ஸ் இதழில் லிசா சாண்டர்ஸ் என்ற டாக்டர் எழுதிவந்த புதிர் நோய்ப் பத்திதான் தூண்டுதல். பாத்திரத்தின் எலும்புக்கூடு துப்பறியும் ஷெர்லாக் ஹோம்ஸ். வீட்டு எண்கூட அவருடைய 221பி.

வசனத்துக்காகவும் லாரிக்காகவும் பார்க்கலாம். ஆனால் என் அளவுகோலில் இது பெரும்பாலும் தேறாது. இரண்டு தவறான முடிவு, நோயாளி சாகக் கிடப்பார், நாற்பதாவது நிமிடத்தில் யாரோ எதையோ சொல்ல ஹவுஸின் கண் விரியும், பிழைத்துவிடுவார். நோயாளி வீட்டுப் பூட்டை உடைத்துச் சோதனை போடுவதுகூடச் சரிதான் என்று ஆகிவிடும், ஏனென்றால் விடை அங்கேதான் கிடைக்கும். கோணல் நிஜமாகக் கடிக்கும் இடங்கள் சில உண்டு. காலின் கதையைச் சொல்லும் முதல் சீசனின் 'மூன்று கதைகள்' எபிசோட் எம்மி விருது வாங்கிய எழுத்து. நான்காம் சீசனின் கடைசி இரண்டு எபிசோடில் ஹவுஸின் குடி, அவருடைய ஒரே நண்பரின் வாழ்க்கையையே சிதைக்கிறது. 177ஐயும் பார்க்க வேண்டாம். முதல் எபிசோடையும் இந்த மூன்றையும் பார்த்தால் தொடரின் உச்சம் கையில் வந்துவிடும்.

ட்ராமா கோட் 2025 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. எட்டே எபிசோட். போர்முனைகளில் வேலை பார்த்த பெக் காங்-ஹியோக், ஒரு பெரிய பல்கலைக்கழக மருத்துவமனையின் விபத்துச் சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறார். இதன் மூலக்கதையை எழுதியவர் காது மூக்கு தொண்டை டாக்டராக இருந்தவர். பெக்காக நடிக்கும் ஜூ ஜி-ஹூன் ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் இறங்குகிறார், மலையுச்சியிலேயே உடம்பைத் திறக்கிறார், ஆசனவாய்ப் பிரிவிலிருந்து கடத்திவந்த ஜூனியரை அந்த உறுப்பின் பேராலேயே கூப்பிடுகிறார். மாஸ் ஹீரோ படம்தான், சந்தேகமில்லை. இவரிடம் இருப்பது குறையே அல்ல, வெறும் திமிர். அது யாரையும் கொல்லாது.

அதற்காகத் தள்ளிவிட முடியவில்லை. இதில் கோணல் நிர்வாகத்திடம் இருக்கிறது. பிழைக்க வைக்கும் ஒவ்வொரு நோயாளிக்கும் மருத்துவமனை கணக்கில் நஷ்டம் ஏறுகிறது. அதனால் டாக்டர் நன்றாக வேலை செய்யச் செய்ய மேலிடத்துக்குக் கோபம் ஏறுகிறது. தென்கொரியாவில் லீ குக்-ஜோங் என்ற நிஜ சர்ஜன் இதைத்தான் வருடக்கணக்காகப் பேசிவந்தார். 2011இல் சோமாலியக் கடற்கொள்ளையரிடம் குண்டடிபட்ட கப்பல் கேப்டனையும், 2017இல் எல்லை தாண்டி ஓடிவரும்போது சுடப்பட்ட வட கொரிய ராணுவ வீரரையும் காப்பாற்றியவர். தொடர் பார்த்த கொரியர்கள் அவர் பெயரைத்தான் முதலில் சொன்னார்கள்.

நான்குக்கும் வெளியே ஒன்றைச் சொல்லாமல் விட மனசில்லை: 2013இல் வந்து பத்தே எபிசோடில் நிறுத்தப்பட்ட மண்டே மார்னிங்ஸ். நரம்பு சர்ஜனும் தொலைக்காட்சி நிருபருமான சஞ்சய் குப்தாவின் நாவல்தான் மூலம். தவறு நடந்த கேஸை டாக்டர்கள் தங்களுக்குள் கூடி அலசும் கூட்டம்தான் அதன் மேடை. தலையில் கட்டியுடன் வந்த ஒரு சிறுவன் ஆபரேஷனில் ரத்தம் உறையாமல் இறக்கிறான். அப்பா பக்கத்துக் குடும்ப நோய் விவரத்தை சர்ஜன் கேட்கவே இல்லை. அந்த ஒரு கேள்வி ஏன் கேட்கப்படவில்லை என்று சக டாக்டர்கள் முன்னால் அவரை நிற்க வைத்துக் கேட்கும் காட்சியில் கத்தலும் இல்லை, இசையும் இல்லை. மீதிப் பாதி சுமார்தான்.

சரி, எதைத் தொடங்குவது? ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் கொரிய வெள்ளைக் கோபுரம். ஒரு எபிசோட் ஏறக்குறைய ஒரு மணி நேரம் என்பதால் இருபது ராத்திரி ஆகும். ஆனால் தினம் ஒன்று என்று பார்ப்பதற்கே செய்தது போல இருக்கிறது. வீட்டில் யாராவது ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் சமயத்தில் மட்டும் தொடங்க வேண்டாம். பார்த்து முடித்துவிட்டு மனசு இன்னும் அங்கேயே சுற்றினால், ஜப்பானிய வடிவத்தின் முதல் சில எபிசோடையாவது அந்த ரவுண்ட்ஸுக்காகப் பாருங்கள்.

படமாக்கம், நடிப்பு, காலம் என்று சினிமா ருசியோடு பார்ப்பவர்களுக்கு தி நிக் முதலில். வெள்ளைக் கோபுரத்தையும் அதையும் அடுத்தடுத்துப் பார்க்க வேண்டாம், இடையில் லேசான ஏதாவது இருக்கட்டும். அந்த இடைவெளிக்கு ட்ராமா கோட் பொருத்தம்: சனி ஞாயிறில் முடிந்துவிடும், பதின்வயதுப் பிள்ளைகளையும் சேர்த்து உட்கார வைக்கலாம், ரத்தத்தைப் பார்த்து முகம் சுளிக்காதவர்களாக இருந்தால். ஹவுஸ் சமைக்கும்போதும் துணி மடிக்கும்போதும் ஓட விடுவதற்கு. நடுவில் எங்கே தொடங்கினாலும் புரியும்.

ஓடிடியில் உரிமைகள் மாதத்துக்கு ஒரு முறை இடம் மாறுகின்றன. அதனால் வெள்ளைக் கோபுரத்தைத் தேடும்போது ஆண்டையும் நடிகர் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள், இல்லையென்றால் 2019இல் ஐந்தே எபிசோடாகச் சுருக்கிய ஜப்பானிய வடிவம் வந்து நிற்கும். தி நிக்கைச் சாப்பாட்டுத் தட்டோடு பார்க்க உட்காராதீர்கள்.